ஆடல்வல்லானும் அணுவின் அசைவும்

சபையின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது அதை என் பேறாகவே கருதினேன். பகலெல்லாம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, மாலையில் இச்சபையின் திண்ணையில் சாத்திரம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே இரண்டுக்கும் உரிய பொருளாக அசைவை எடுத்துக்கொண்டேன். ஒன்று நகர்கிறது என்கிறோமே, அப்போது உண்மையில் நிகழ்வது என்ன? ஆடல்வல்லானின் துடியும் அமைத்த கரமும் தீயகலும் ஊன்றிய திருவடியும் எடுத்த பொற்பாதமும் உணர்த்தும் ஐந்தொழிலை இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அணுவைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

முன்னோர் கேட்ட கேள்வி

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் சீனோ ஒரு வினா எழுப்பினார். பறக்கும் அம்பு எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஏதோ ஓரிடத்தில்தான் இருக்கிறது. நிற்பவற்றை எத்தனை அடுக்கினாலும் ஓட்டம் எங்கிருந்து வரும்? அரிஸ்டாட்டில் இதைத் தம் நூலில் எடுத்துக்கூறி மறுத்தார். நம் நாட்டில் நாகார்ச்சுனர் தம் மூலமத்தியமக காரிகையின் இரண்டாம் இயலை முழுவதும் நடை என்னும் பொருளுக்கே ஒதுக்கினார். நடந்து முடிந்த வழியில் நடை இல்லை, இனி நடக்கவேண்டிய வழியிலும் அது இல்லை என்று போகிறது அவர் வாதம். வைசேடிகர்களோ அசைவை மேலெறிதல், கீழெறிதல், சுருக்கல், விரித்தல், செல்லல் என ஐந்தாக வகுத்தார்கள்.

தமிழில் இதற்கு நான் முதலில் காட்டுவது மணிமேகலையின் 27-ஆம் காதையை. வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை உரைக்க, மணிமேகலை கேட்டுக்கொண்டே செல்கிறாள். ஆசீவகவாதியின் முறை வரும்போது அணுக்கொள்கை வருகிறது. நீரணு கீழே ஆழும், தீயணு மேலே செல்லும், காற்றணு குறுக்கே அசையும் என்று ஒவ்வொன்றுக்கும் அசைவு விதிக்கப்படுகிறது. தனி அணு நம் கண்ணுக்குப் புலப்படாது, திரண்டால்தான் தெரியும் என்பதற்குச் சாத்தனார் தரும் உவமையை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரிவதில்லை, மயிர்த்திரள் தெரிகிறது. இந்த உவமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1687-இல் நியூட்டனின் பிரின்சிப்பியா வெளிவந்த பிறகு சீனோவின் வினா அடங்கிவிட்டதாகவே உலகம் எண்ணியது. இடமும் திசைவேகமும் தெரிந்தால் பொருளின் பாதை முழுவதும் கணக்கில் வந்துவிடும். கோள்களும் அதற்குக் கட்டுப்பட்டன, பீரங்கிக் குண்டுகளும் கட்டுப்பட்டன.

பாதை மறைந்த கதை

1925 கோடையில் ஒவ்வாமையால் மூச்சுத் திணறி, வட கடலின் ஹெலிகோலாந்து தீவுக்குச் சென்றார் இயற்பியல் அறிஞர் ஹைசன்பர்க். வயது 23. எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றும் பாதையை யாராவது பார்த்ததுண்டா என்று அங்கே தம்மையே கேட்டுக்கொண்டார். பார்த்ததில்லை. அணு வெளிவிடும் ஒளியின் அதிர்வெண்ணும் செறிவுமே நமக்குக் கிடைப்பவை. காணாத பாதையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கண்டவற்றைக் கொண்டே புதிய இயக்கவியலைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1927-இல், இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாக அமைய முடியாது என்ற கோட்பாட்டை வெளியிட்டார். இதைக் கருவியின் குறை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது பிழை. ஓர் எலக்ட்ரானை அணுவின் அளவுக்குள், அதாவது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குள் அடைத்தால், அதன் வேகத்தில் நொடிக்கு 500 கிலோமீட்டருக்கும் கூடுதலான நிச்சயமின்மை தானே வந்துசேரும். அளப்பவர் அங்கே இருக்கவேண்டும் என்பதில்லை.

1989-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுராவும் துணைவர்களும் செய்துகாட்டிய சோதனை இதைக் கண்முன் நிறுத்தியது. எலக்ட்ரான்களை மிக அரிதாக அனுப்பினார்கள். ஒரு நேரத்தில் கருவிக்குள் இருப்பது ஒன்றே ஒன்றுதான். வழியில் மெல்லிய இழை ஒன்று நின்று, செல்லும் வழியை இரண்டாகப் பிரிக்கிறது. திரையில் ஒரு புள்ளி விழுகிறது. பிறகு எங்கோ இன்னொரு புள்ளி. சில நூறு புள்ளிகள்வரை அரிசியை இறைத்ததுபோல ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. பல்லாயிரம் சேர்ந்ததும் திரையில் இருளும் ஒளியும் மாறி மாறி வரும் கோடுகள் தெளிவாக எழுகின்றன. எலக்ட்ரான் இழையின் ஒரு பக்கமாக மட்டும் ஓடி வந்திருந்தால் இக்கோடுகளுக்கு இடமே இல்லை. புறப்பட்டது உண்மை, வந்து சேர்ந்தது உண்மை. இடையில் ஒற்றைப் பாதை என்று ஒன்று இல்லை. தனித்துப் பார்க்கையில் எதுவும் சொல்லாத புள்ளி, திரளில் தன் இயல்பைக் காட்டுகிறது. சாத்தனார் சொல்ல வந்தது வேறு என்பதை அறிவேன். ஆயினும் அப்படத்தை முதன்முதலில் கண்டபோது என் நாவில் வந்தவர் சாத்தனாரே.

ஓய்வும் இல்லை

அசைவுக்குப் பாதை இல்லை என்றால், அசையாமை உண்டா? அதுவும் இல்லை. 1908-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். மேலும் குளிரவைத்தால் உறையும் என்று எதிர்பார்த்தார், உறையவில்லை. 1926-இல் அதே ஆய்வகத்தில் கீசம் பேரழுத்தம் கொடுத்த பிறகே அது திண்மமாயிற்று. ஏறத்தாழ 25 மடங்கு வளிமண்டல அழுத்தம் இல்லாமல், தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் ஹீலியம் உறையாது. வெப்பத்தையெல்லாம் எடுத்த பின்னும் எடுக்க முடியாத ஓர் அசைவு அதற்குள் எஞ்சி நிற்கிறது.

ஹைட்ரஜன் அணுவைப் பாருங்கள். அதன் தாழ்நிலையில் எலக்ட்ரானின் பரவல் காலத்தால் சிறிதும் மாறுவதில்லை. இன்றும் அதே வடிவம், யாரும் தொடாதவரை ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அதே வடிவம். ஆனால் அதற்குரிய சராசரி இயக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட். இயக்கம் உண்டு, போக்குவரவு இல்லை. சிற்றம்பலத்தில் ஒரு திருவடி ஊன்றி நிற்க, ஓரிடத்தும் செல்லாமல் ஓயாது ஆடும் பெருமான் திருமுன் நிற்கும்போதெல்லாம் இந்த எண் என் நெஞ்சில் வருகிறது. நம் முன்னோர் குவாண்டம் சமன்பாட்டை மறைபொருளாக எழுதிவைத்தார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. உண்மை விளக்கம் செய்த மனவாசகங் கடந்தார் நாடியது உயிரின் விடுதலை. அவர் பெருமைக்கு அணுக்கணக்கின் சான்றிதழ் வேண்டியதில்லை. நின்றபடியே ஆடுவது இயலும் என்பதை மனத்தால் ஏற்கப் பழகிய மரபு நம்முடையது. அந்தப் பெருமையே போதும்.

சீனோவின் அம்பு நம்மவர் கையிலேயே மறுபிறவி எடுத்தது. கோட்டயத்தில் பிறந்து, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த சுதர்சன், வைத்தியநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து 1977-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். குவாண்டம் அமைப்பை இடைவிடாது நோக்கிக்கொண்டே இருந்தால் அது மாறாமல் நின்றுவிடும் என்பது அதன் முடிவு. 1990-இல் அமெரிக்காவில் வைன்லண்ட் குழுவினர் பெரிலியம் அயனிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 256 மில்லிநொடியில் நிகழ வேண்டிய மாற்றத்தை இடையில் 64 முறை நோக்கியபோது, மாற்றம் பெரும்பாலும் தடைப்பட்டது.

இன்னொருவரையும் சொல்லாமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சிவநடனம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையால் உலகறிந்தவர். அவர் முதலில் நிலவியல் அறிஞர், இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவர். பின்னர் தோரியனைட் எனப் பெயர் பெற்ற கனிமத்தை 1904-இல் அங்கே கண்டவர் அவரே. அதிலுள்ள தோரியத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் ஆகும். அதன் கருவிலிருந்து வெளிவரும் ஆல்பா துகளுக்குத் தடைச்சுவரைத் தாண்டும் ஆற்றல் கிடையாது. தாண்டாமலே வெளியே வந்துவிடுகிறது. 1928-இல் காமோவ் இதைக் குவாண்டம் கொண்டு விளக்கினார். கூத்தின் பொருளை உலகுக்கு உரைத்தவர் கையில் அந்தக் கல் இருந்திருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 2004-இல் இந்திய அரசு நிறுவிய நடராசர் திருவுருவின் பீடத்தில் அவர் வாசகமும் பொறிக்கப்பட்டுள்ளது.

மெய்யன்பர்களே, இயற்பியல் படிக்க விரும்பும் பிள்ளைகளை வேலை கிடைக்காது என்று சொல்லித் தடுக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நம் சபையின் நூற்றாண்டு நிதியிலிருந்து, முதுகலை இயற்பியல் பயிலும் வசதியற்ற மாணவர் இருவருக்கேனும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கச் செயற்குழு முன்வர வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.