தோட்டத்துக் காரின் பழைய நிறம்

பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் புலவர் தமக்கு இனிய பாடத்தைத் தேடுவதில்லை. ஆசிரியர் எழுதிய பாடத்தையே தேடுகின்றார். பழைய மோட்டார்க் காரைப் புதுப்பிப்பவருக்கும் அக்கடமை உண்டு. அதன் முதல் நிறம் யாது என்பதே அவர் காணவேண்டிய பாடம்.

நெகிரி செம்பிலான் தமிழர்க்கு இவ்வினா அயலானதன்று. சிரம்பான், ரந்தாவ், பகாவ் பக்கங்களில் நிரை நிரையாக நின்ற இரப்பர் மரங்களில் நம்மவர் வெட்டிய பால், கார்ச் சக்கரங்களாகி உலகெங்கும் ஓடிற்று. தோட்டத்துச் செம்மண் பாதையில் துரை ஏறிச்சென்ற காரைக் கழுவித் துடைத்தவரும் பல இடங்களில் நம்மவரே. அத்தோட்டங்களுள் பல பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களாயின, சில வீட்டுமனைகளாயின. எஞ்சிய கார்கள் அக்காலத்தின் சான்றுகள். சான்றின் நிறத்தை விருப்பம்போல் மாற்றுவது சான்றையே மாற்றுவதாகும்.

பெயரை நம்பலாகாது

“அந்த வண்டி பச்சை” என்பார் ஒரு முதியவர். எந்தப் பச்சை? பசும்பொன் என்கிறோம், பொன் பச்சை நிறமன்று. சொல், நிறத்தை வரையறுத்துக் காட்டாது. தொழிற்சாலை இட்ட பெயரும் அப்படியே. 1948இல் தோன்றிய மோரிஸ் மைனர், மலாயாச் சாலைகளில் பெருவழக்காக ஓடிய கார். அதன் நிறங்களுள் ஒன்று ‘ஸ்மோக் கிரே’, அதாவது புகைச்சாம்பல். தொழிற்சாலைக் குறியீடோ அதனை ‘பி.யூ. 15’ என நீல வரிசையில் வைத்தது. பெயரை நம்பிச் சாம்பற் சாயம் வாங்குவோர் ஏமாறுவர்.

காலமும் ஓர் அளவுகோல். 1914 முதல் 1925 வரை போர்டு நிறுவனம் தன் ‘மாடல் டி’ கார்களைக் கறுப்பு நிறத்திலேயே விற்றது. 1923இல் விரைந்து உலரும் டியூக்கோ மெருகு அமெரிக்கக் கார்களுக்கு வந்தபின்னரே பல நிறங்கள் எளியவாயின. 1920ஆம் ஆண்டின் ‘மாடல் டி’ காருக்குச் சிவப்புப் பூசுவது, கம்பர் வாயில் பாரதியின் சொல்லை வைப்பதை ஒக்கும்.

எண்ணும் ஏடும்

1950களின் நடுப்பகுதியில் வந்த மோரிஸ் கார்களில், வண்டி எண்ணின் முன்நிற்கும் எழுத்துகளுள் மூன்றாவது நிறத்தைச் சுட்டும். ‘ஏ’ என்றால் கறுப்பு. இங்கிலாந்தில் கெய்டன் என்னுமிடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் காப்பகம் தயாரிப்பு ஏடுகளைப் பேணி, கேட்போர்க்குச் சான்றிதழ் அளிக்கின்றது. ஆயின், பாகங்களாகக் கப்பலேறி வேறு நாட்டில் பூட்டப்பட்ட வண்டிக்குச் சாயமும் அங்கேயே பூசப்பட்டிருக்கலாம். அப்பொழுது வண்டியையே வினவ வேண்டும்.

மறைவிடத்துச் சான்று

நம் நாட்டு வெயிலும் மழையும் மேற்பூச்சை வெளுக்கச் செய்யும். ஆதலின் வெளிக்கதவைப் பார்த்து நிறம் கலத்தல் பிழை. முகப்புப் பலகையின் பின்புறம், பின்னிருக்கையின் அடி, பெயர்ச் சின்னத்தின் அடி ஆகிய இடங்களில் வெயில் படாத முதற்பூச்சு எஞ்சியிருக்கும். ஓரிடத்தில் நீர் தொட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் பூச்சின் அடுக்குகள் தோன்றும். அடியில் இருப்பது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் முதல் நிறம், மற்றவை பின்வந்தவை. பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே நீரின்றித் தேய்த்துத் தூள் பறக்கவிடலாகாது.

இன்று நிறத்தை அளந்து கலவை கூறும் கருவிகள் உள்ளன. எனினும், பட்டறைக் குழல்விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு சாயங்கள் பகலொளியில் வேறாகத் தோன்றுவதுண்டு. கலந்த நிறப்பொருள்கள் வேறாதலே காரணம். கருவி சொன்ன கலவையைத் தனித் தகட்டில் பூசி உலர்த்தி, பகலொளியிலும் ஒப்பிட்ட பின்னரே வண்டியில் பூச வேண்டும்.

பின்வந்த பூச்சும் வரலாறே

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். பின்னாளில் தொல்லியல் துறையினர் சில இடங்களில் மேலடுக்கை அழிக்காமல் பிரித்தெடுத்து, இரண்டையும் காத்தனர். காருக்கும் இம்முறை பொருந்தும். 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில், தோட்டத் துரைமார் பலர் தம் கார்களில் இரும்புத் தகடு பூட்டினர். அத்தகைய திருகாணித் துளை ஒரு காரில் இருப்பின் அதனையும், பின்னர் வாங்கியவர் பூசிய சாயத்தையும் படமெடுத்துக் குறித்துவைத்த பின்னரே சுரண்ட வேண்டும். இருக்கையின் அடியில் கையகல இடத்தை அடுக்குகளோடு அப்படியே விட்டுவைத்தல் இன்னும் நன்று.

தமிழாசிரியர்கள் தம் மாணவரை அழைத்துச்சென்று அக்கையகல இடத்தைக் காட்டலாம். மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்பதை அங்கே அவர்கள் கண்ணாரக் காண்பர். அந்தக் காரை நாள்தோறும் துடைத்த தோட்டத்துத் தாத்தா கண்ட நிறமும் அதுவே என்றறியும்போது, அவருடைய வாழ்வும் வரலாறே என்பதை உணர்வர்.