எண் பெற்ற வேகமும் எண் பெறாத நிலைப்பும்: வீட்டு இணையத்தின் ஒரு சிறு வரலாறு

கடந்த மாதம் என் நெறியாளருடனான இணையவழிக் கலந்துரையாடல் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு முறை அறுந்தது. கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகார வீடுகளுள் ஒன்றின் பின்கட்டில் நான் குடியிருக்கிறேன். புகார் அளித்த மறுநாள் வந்த பணியாளர் முன்னறையில் நின்றபடி கைப்பேசியில் வேகத்தை அளந்து காட்டினார்: 94 மெகாபிட். “ஸ்பீடொக்கெ கரெக்டாணல்லோ” என்றார். அவர் சொன்னது பொய்யன்று. நான் சொன்னதும் பொய்யன்று. இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பொருளுக்கு ஓர் எண் இருந்தது, என்னுடையதற்கு இல்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

வேகத்துக்கும் நிலைப்புக்கும் இடையிலான இழுபறி அகலப்பட்டையோடு பிறந்ததன்று. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிவடம் முதன்முறையாகக் கரைகளை இணைத்தபோது, விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட செய்தி கடந்து சேரப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. தலைமை மின்னியலாளராயிருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ், குறிகளை உந்திச் செலுத்த ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை அழுத்தத்தைக் கூட்டினார். முன்பே குறைபாடுற்றிருந்த வடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது. தடித்த கம்பி, மெல்லிய மின்னோட்டம், நுண்ணுணர்வுள்ள ஏற்பி என்று வில்லியம் தாம்சன் வலியுறுத்திய வழியிலேயே 1866இன் வடம் நிலைத்தது.

இதற்குக் கணித வடிவம் தந்தவர் கிளாட் ஷானன். ஒரு தடத்தின் கொள்ளளவை அதன் அலைவரிசை அகலமும், குறிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தீர்மானிக்கின்றன என்று 1948இல் அவர் நிறுவினார். அந்த எல்லைக்குள் பிழையை விரும்பிய அளவு குறைக்கலாம். அதற்கு மிகைக் குறிகளைச் சேர்த்து அனுப்பவேண்டும். மொழியியல் பயின்றோருக்கு இது அயலானதன்று. ‘அவள் வந்தாள்’ என்பதில் பெண்பால் ஒருமை இருமுறை சொல்லப்படுகிறது. சாலைக் கடைத்தெருவின் கூச்சலில் முதற்சொல் காதில் விழாவிட்டாலும் வினைமுற்றின் விகுதி காப்பாற்றிவிடும். மலையாளம் அந்த விகுதியைக் கைவிட்டது: ‘அவன் வந்நு’, ‘அவள் வந்நு’. வினை சுருங்கிற்று, ஆனால் எழுவாய் தவறினால் வினையைக் கொண்டு அதை மீட்க வழியில்லை. கிழக்கேகோட்டையில் இரு மொழிகளிலும் நாள்தோறும் பேசுகிற நாம், சுருக்கத்துக்கும் காப்புக்கும் இடையிலான இக்கொடுக்கல் வாங்கலை அறியாமலே நடத்திவருகிறோம்.

தொலைபேசிச் செம்புக்கம்பி வழியே வந்த ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம் இதே கணக்கின்மேல் நின்றது. கம்பியின் அலைவரிசை இருநூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தடங்களாகப் பிரிக்கப்படும். இரைச்சல் குறைந்த தடத்தில் மிகுதியான பிட்டுகள், மிகுந்ததில் குறைவான பிட்டுகள். ஒவ்வொரு தடமும் தாங்கக்கூடிய முழு அளவையும் ஏற்றிவிடுவதில்லை; வழக்கமாக 6 டெசிபெல் அளவு வெறுமையாக விடப்படும். பொறியாளர்கள் இதை ‘நாய்ஸ் மார்ஜின்’ என்பர். இரைச்சலின் ஆற்றல் நான்கு மடங்கு பெருகினாலும் தொடர்பு அறாதிருக்க அது போதும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு தடத்தில் ஒரு பிட்டைக் கூடுதலாக ஏற்ற ஏறத்தாழ 3 டெசிபெல் வேண்டும்; நொடிக்கு 4,000 முறை குறிகள் செல்லும். ஆகவே 200 தடங்களில் இரண்டிரண்டு பிட்டுகளை விட்டுக்கொடுப்பது நொடிக்கு 16 லட்சம் பிட்டுகளை, அதாவது 1.6 மெகாபிட்டை, விட்டுக்கொடுப்பதாகும். துலாவர்ஷ மாலைகளில் இடியும் மின்னலும் சூழும் ஒரு நகரத்தில் அந்த 1.6 மெகாபிட் வீணாகக் கிடப்பதன்று.

இனி இந்தியச் சட்டச் சொற்களுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை தந்த வரையறையில் இரண்டு கூறுகள் இருந்தன: தொடர்பு எப்போதும் இணைந்திருக்கவேண்டும், பதிவிறக்க வேகம் குறைந்தது 256 கிலோபிட் இருக்கவேண்டும். அடுத்த ஆண்டு ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ சேவையைத் தொடங்கியது. 2007 அகலப்பட்டை ஆண்டென அறிவிக்கப்பட்டு, வேகம் 2 மெகாபிட் வரை உயர்த்தப்பட்டது. அறிவிப்பு உயர்ந்தது, மண்ணுக்கடியில் கிடந்த கம்பி மாறவில்லை. தொலைபேசி நிலையத்துக்கு அருகிலிருந்த வீட்டுக்கு அது பேறு. தொலைவிலிருந்த வீட்டுக்கோ, கூடிய வேகம் என்பது மார்ஜினிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட கடன்.

வரையறையின் எண் பின்னர் 512 கிலோபிட்டாயிற்று. 2023இல் 2 மெகாபிட்டாயிற்று. ‘எப்போதும்’ என்ற சொல்லுக்கு அந்த வரையறையில் ஓர் எண் கிடைக்கவேயில்லை. டிராய் 2006இல் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகள் இக்குறையை ஓரளவு நிரப்பின; சேவை 98 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கவேண்டும் என்ற அளவுகோல் அவற்றில் இடம்பெற்றது. ஆயினும் கிடைக்கும் நேரம் வேறு, அறாத தன்மை வேறு. நாளொன்றுக்குப் பத்து முறை அறுந்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்தில் மீளும் ஒரு தொடர்பை எண்ணிப்பாருங்கள். 1,440 நிமிடங்களில் இழப்பு பத்தே நிமிடம். கிடைக்கும் நேரம் 99.3 விழுக்காடு. அளவுகோலின்படி அது சிறந்த தொடர்பு. வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருக்கும் மாணவிக்கோ அது பத்து முறை நாக்கு அறுந்த அனுபவம்.

செம்பு போய்க் கண்ணாடியிழை வந்ததும் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதினோம். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கேஃபோன், மின்வாரியக் கம்பங்கள் வழியே இழைகளைக் கேரளமெங்கும் கொண்டுசென்றது. மின்காந்த இரைச்சல் இழையைத் தீண்டாது என்பது உண்மையே. ஆனால் பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. மின்தடையிலும் அது பேசிற்று. இழையின் முனையிலுள்ள கருவியோ வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கிறது. வீட்டுக்குள்ளே வைஃபை பழைய கணக்கை மறுபடி தொடங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களிடம் எளிதில் தோற்பது, 2.4 மெதுவானது, ஆனால் தொலைவு தாங்குவது. ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என நீண்டு செல்லும் அக்கிரகார வீட்டில் ரவுட்டர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பணியாளர் அளந்தது அங்கே. நான் பேசியது நான்கு சுவர்களுக்கு அப்பால்.

என் வீட்டளவில் தீர்வு எளிதாயிருந்தது. பேசும்போது 2.4 அலைவரிசையை மட்டும் பயன்படுத்தினேன். வேகம் 18 மெகாபிட்டாகக் குறைந்தது, அறுதல் நின்றது. பின்னர் வீட்டு உரிமையாளரின் இசைவோடு முன்னறையிலிருந்து ஒரு கம்பியையும் இழுத்துக்கொண்டேன். காணொளி உரையாடலுக்கு இரண்டு மூன்று மெகாபிட்டே போதும். நான் இழந்ததாக எண்ணிய வேகம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஆய்வாளர்களாகிய நம் பொறுப்பு இதனினும் பெரிது. 2019இல், ஒரு கல்லூரி விடுதி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுதல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு கிட்டியிருக்கிறது என்பதை அளக்கப் புறப்படும் நம் கள ஆய்வு வினாநிரல்களும் ‘இணைப்பு உண்டா? வேகம் எவ்வளவு?’ என்பதோடு நின்றுவிடுகின்றன. ‘நேற்று எத்தனை முறை அறுந்தது?’ என்ற ஒரு வினாவைச் சேருங்கள். எண்ணப்படாதது எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறாது. ஒப்பந்தத்தில் இல்லாததைப் பற்றி முன்னறையில் நிற்கும் பணியாளரிடம் நாம் எதைச் சொல்லி முறையிடுவது?