இன்ரலூக்கின்-2: ஓர் ஆராய்ச்சி வரலாறு

உடலின் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அறிவித்தற்பொருட்டுச் சுரக்கும் சிறு புரதங்கள் சைற்றோக்கைன்கள் எனப்படும். அவற்றுள் இன்ரலூக்கின்-2 என்பதன் வரலாறு தனிச் சிறப்புடையது. நோயெதிர்க்கும் கலங்களைப் பெருக்குவது என முதலிற் கருதப்பட்ட இப்புரதமே அக்கலங்களை அடக்குதற்கும் இன்றியமையாதது என்னும் உண்மை புலப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

1976ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தைச் சேர்ந்த மோர்கன், றுசெற்றி, கலோ ஆகிய மூவரும் மனித என்புமச்சையிலிருந்து பெற்ற ரி நிணநீர்க்குழியங்களை ஆய்கூடத்தில் நெடுநாள் வளர்த்துக் காட்டினர். தூண்டப்பெற்ற வெண்குழியங்கள் வளர்ந்த திரவமே அவற்றை வாழ்வித்தது. அத்திரவத்திலிருந்த வளர்ச்சிக் காரணிக்கு 1979இல் சுவிற்சர்லாந்திற் கூடிய அறிஞர் இன்ரலூக்கின்-2 எனப் பெயரிட்டனர். 133 அமினோவமிலங்களாலான அதன் அமைப்பை 1983இல் யப்பானிய அறிஞர் தனிகுச்சி குழுவினர் பரம்பரையலகின் வாயிலாக அறிந்தனர்.

செய்தி ஒன்றாயிருப்பவும் கலங்கள் வெவ்வேறு வகையில் இயங்குவது எங்ஙனம்? கலமென்சவ்விலுள்ள வாங்கியே இதற்கு விடை தருகின்றது. அவ்வாங்கி அல்பா, பீற்றா, காமா என மூன்று உறுப்புகளை உடையது. அல்பா தனித்து நிற்பின் புரதத்தைத் தளர்வாகப் பற்றுமேயன்றிச் செய்தியை உட்செலுத்தாது. பீற்றாவும் காமாவும் கூடின் செய்தி உட்செல்லும். ஆயின் புரதம் மிகுதியாக வேண்டும். மூன்றும் ஒருங்கு கூடின் பிணைப்பு ஏறத்தாழ நூறு மடங்கு வலுவடைதலால் மிகச் சிறிதளவே போதுமானது. இயற்கைக் கொல்லிக் கலங்கள் பெரும்பாலும் பின்னிரு உறுப்புகளையே உடையன. ரி நிணநீர்க்குழியங்களோ, தூண்டப்பெற்ற பின்னர் அல்பாவையும் மிகுதியாகப் பெறுகின்றன.

1985இல் றோசன்பேர்க் என்னும் மருத்துவர் இப்புரதத்தைப் பேரளவிற் செலுத்தியபோது சில நோயாளரின் புற்றுக்கட்டிகள் சுருங்கின. 1992இல் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இது அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. எனினும் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிதலும் குருதியமுக்கம் வீழ்தலும் உயிருக்கு ஊறு விளைப்பனவாயின.

1993ஆம் ஆண்டு இரு புதுமைகளை வெளிப்படுத்தியது. ஆண் குழவிகளை வாட்டும் கடும் நிர்ப்பீடனக் குறைபாடொன்றிற்குக் காமாவின் பழுதே காரணம் எனத் தெரிந்தது. காமா இன்ரலூக்கின்-7 முதலிய பிற சைற்றோக்கைன்களுக்கும் பொதுவாதலின் கேடு பெரிதாயிற்று. இன்ரலூக்கின்-2 அற்ற சுண்டெலிகளோ, எதிர்ப்பாற்றல் குன்றி அமையாது, தம் குடலையே தாக்கும் அழற்சிக்கு ஆளாயின.

இப்புதிருக்கு வழிகாட்டியவர் யப்பானிய அறிஞர் சக்காகுச்சி. தூண்டலின்றியே அல்பாவைத் தாங்கி, ஏனையவற்றை அடக்கும் ஒருசார் ரி நிணநீர்க்குழியங்களை அவர் 1995இல் காட்டினார். இவை இன்ரலூக்கின்-2ஐத் தாம் ஆக்குவன அல்ல. பிற கலங்கள் சுரப்பதைக் கொண்டே வாழ்வன. அஃது இல்லாவிடின் கட்டுப்பாடு குலைந்து உடல் தன்னையே தாக்கும். சிற்றளவு மருந்து இவ்வடக்கும் கலங்களைப் பெருக்குதலை 2011இல் வெளிவந்த ஆய்வுகள் நோயாளரிடத்துக் காட்டின. அடக்கும் கலங்கள் பற்றிய ஆய்வுக்காகச் சக்காகுச்சியும் அமெரிக்கரான புறங்கோ, றம்ஸ்டெல் ஆகியோரும் 2025இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

ஆகவே, ஒரு புரதத்தின் தொழிலை அப்புரதத்தை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. அதன் அளவும், அதனை ஏற்கும் கலமும், அக்கலம் தாங்கும் வாங்கியும் ஒருங்கு நோக்கப்படல் வேண்டும். இதனை உணர்ந்த பின்னரே, ஒரே மருந்தைப் பேரளவிற் புற்றுநோய்க்கும் சிற்றளவில் உடல் தன்னைத்தான் தாக்கும் நோய்களுக்கும் ஆராயும் வழி பிறந்தது.