ஆங்கில வாக்கியத்திற் சொற்கிடக்கை: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் எழுதும் வாக்கியங்களுட் சில, எழுதியவர் கருதாத பொருளைத் தந்து நகைப்பை விளைப்பதுண்டு. ‘வீதியில் நடக்கையில் மழை பெய்தது’ என்னுந் தொடரை, ‘வோக்கிங்’ என்னும் எச்சத்தை முதலில் வைத்து ஆங்கிலத்திற் பெயர்ப்பின், வீதியில் நடந்தது மழையே என்றாகிவிடும். எச்சம் தனக்குரிய எழுவாயின்றித் தொங்கி நிற்றலே இவ்வழுவிற்குக் காரணம். இதனை வழுவெனக் கொள்ளும் விதி எவ்வாறு தோன்றிற்று?

பழைய ஆங்கிலம் ஈறுகள் நிறைந்த மொழி. பெயரடைகளும் எச்சங்களும் தாம் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை என்பவற்றுக்கேற்ப ஈறு பெற்றன. ஆதலின், அடையும் பெயரும் அகன்று நிற்பினும் அவற்றின் இயைபை ஈறு காட்டிற்று. கவிஞர் சோசர் மறைந்த 1400ஆம் ஆண்டளவில் அவ்வீறுகளுட் பெரும்பாலானவை தேய்ந்தொழிந்தன. ஈறு ஆற்றிய தொழிலைச் சொல் நிற்கும் இடமே ஏற்க வேண்டியதாயிற்று.

ஆயினும், விதி உடனே வகுக்கப்பட்டிலது. 1600ஆம் ஆண்டையொட்டிச் சேக்ஸ்பியர் இயற்றிய ‘ஹம்லெற்’ நாடகத்தில், மன்னனின் ஆவி தான் உறங்குகையில் அரவு தீண்டியதெனப் பரப்பப்பட்ட கதையைக் கூறுகின்றது. ஆண்டு உறக்கத்தைக் குறிக்கும் எச்சம் இக்கால விதிப்படி அரவையே சாரும். பின்னாளில் இலண்டன் அத்தியட்சராய் விளங்கிய றொபேட் லவுத், 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில், வினையடை தான் தழுவுஞ் சொல்லுக்கு அண்மையில் நிற்றல் வேண்டுமென்றார். 1795இல் வெளிவந்த லின்ட்லி மறேயின் இலக்கணம் இத்தகைய விதிகளைப் பள்ளிகளெங்கும் பரப்பிற்று. 1926இல் பவுலர் தமது சொல்வழக்கு அகராதியிற் பற்றுக்கோடற்ற எச்சங்களைக் கண்டித்தார். எனினும், அவற்றுட் சில வழக்கினால் இடைச்சொல்லாய் மாறியமையையும் ஒப்புக்கொண்டார்.

இவ்விதியின் அடிப்படை நமக்குப் புதியதன்று. ‘செய்து’ என்னும் வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அதனாலேயே ‘நான் நடந்து மழை பெய்தது’ என நாம் எழுதுவதில்லை. ‘நடக்கையில்’ என்னும் வடிவமோ பிறிதொரு வினைமுதலையும் ஏற்கும். இவ்வேறுபாட்டைத் தமிழில் ஈறு உணர்த்துகின்றது. ஆங்கில எச்சத்திற்கு அத்தகைய ஈறில்லை. நம் மாணவர் இடறுமிடம் இதுவே. ஆகவே, ஆங்கிலத்தில் எழுதுங்கால் ‘நான் நடந்துகொண்டிருந்தபொழுது’ என எழுவாயை வெளிப்படக் கூறுக. அன்றேல், எச்சத்தின் வினைமுதலையே வாக்கியத்தின் எழுவாயாக்குக. ஈறிழந்த மொழியில் இடமே பொருளைக் காக்கும் என்பதை உணர்ந்தோர்க்கு இவ்விதி சுமையாகாது.