மூரும் குரோவும் எடுத்த முடிவு

உங்களில் பலர் தொழில் நடத்துகிறீர்கள். அப்பா தொடங்கியது என்பதற்காகவே நட்டத்தைச் சுமப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக இந்த வரலாறு.

1970இல் அமெரிக்கர் புரூஸ் ஹெண்டர்சன், ஒரு நிறுவனத்தின் தொழில்களை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: நட்சத்திரம், கறவை மாடு, கேள்விக்குறி, நாய். சந்தை வளர்கிறது, நம் பங்கு மட்டும் சிறிது என்றால் அது கேள்விக்குறி. துணிந்து முதல் போட வேண்டும். இல்லையேல் விலக வேண்டும்.

1968இல் தொடங்கிய இன்டெல், மெமரி சிப் விற்றுத்தான் வளர்ந்தது. 1980களில் ஜப்பானியர் தரத்திலும் விலையிலும் முந்தினார்கள். இன்டெலின் பங்கு மிகவும் சுருங்கியது. கட்டம் காட்டியது தெளிவு, மனம்தான் ஒப்பவில்லை.

1985இல் ஆண்டி குரோவ், தலைவர் கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்தினால் அவர் என்ன செய்வார்? மெமரியைக் கைவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்வோமே என்றார் குரோவ்.

ஆலைகள் மூடப்பட்டன. பலர் வேலை இழந்தனர். 1986இல் 17 கோடி டாலருக்கு மேல் நட்டம். ஆனால் பிராசஸர் கைகொடுத்தது. 1992இல் உலகின் மிகப்பெரிய சிப் நிறுவனமானது இன்டெல்.

கட்டம் போட யாராலும் முடியும். வளர்த்த தொழிலை அயலார் கண்ணால் பார்ப்பதுதான் கடினம். அடுத்த முறை கணக்குப் பார்க்கும்போது, குரோவின் கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.