668 பீப்பாய் மருந்தும் பரங்கிமலைச் சாலையும்

பழைய போர் என்றதும் சினிமாக் காட்சிதான் ஞாபகம் வரும். பீரங்கிக் குண்டு வந்து விழும், டமால்னு வெடிக்கும், பத்து பேர் பறப்பாங்க. உண்மையில் பதினெட்டாம் நூற்றாண்டுக் குண்டுகளில் பெரும்பாலானவை வெடிக்காதவை. வெறும் வார்ப்பிரும்பு உருண்டைகள். 24 பவுண்டு பீரங்கியின் குண்டு கிட்டத்தட்ட 11 கிலோ, குறுக்களவு ஐந்தரை அங்குலம். கோட்டைச் சுவரில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் பெயர்ப்பதுதான் அதன் வேலை. உள்ளே மருந்து அடைத்துத் திரி வைத்த வெடிகுண்டு தனி ரகம். அதை மோர்ட்டாரில் வைத்து, சுவரைத் தாண்டி உள்ளே விழும்படி மேல்நோக்கிச் சுடுவார்கள்.

நம்ம ஊரில் இந்த இரண்டுமே மழையாகப் பொழிந்த காலம் ஒன்று உண்டு. 1758 டிசம்பர் 14 அன்று லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. 1759 பிப்ரவரி 17 அன்று முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. மொத்தம் 65 நாள்.

கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் கோட்டையின் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். பீரங்கியால் சுட்டது 26,554 முறை. மோர்ட்டாரால் வீசிய வெடிகுண்டுகள் 7,502. செலவான வெடிமருந்து 1,768 பீப்பாய். கடைசியில் மிச்சம் இருந்தவை 30,481 பீரங்கிக் குண்டுகள், 481 வெடிகுண்டுகள், 668 பீப்பாய் மருந்து.

சும்மா ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தேன். அதே வேகத்தில் சுட்டிருந்தால் மிச்சமிருந்த இரும்புக் குண்டுகள் இன்னும் 74 நாளுக்கு வந்திருக்கும். மருந்து 25 நாளுக்குக்கூட வந்திருக்காது. அதாவது, குண்டுகள் மலைபோலக் குவிந்திருந்தும் மார்ச் மாத நடுவில் கோட்டைப் பீரங்கிகள் வாயடைத்துப் போயிருக்கும்.

லாலிக்கும் இதே தலைவலிதான். புதுச்சேரிக் கிடங்கில் இருந்த வெடிகுண்டுகளை எல்லாம் அவர் தீர்த்துவிட்டார் என்கிறார் ஓர்ம். செங்கல்பட்டுக் கோட்டையோ ஆங்கிலேயர் கையில். அங்கிருந்து கேப்டன் பிரெஸ்டனும் யூசுப் கானும் (நமக்குத் தெரிந்த மருதநாயகம்தான்) பிரெஞ்சுக்காரர்களுக்கு வரும் சரக்கை மறித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று தாம்பரம் வழியாக நாம் நெரிசலில் ஊர்ந்து போகிறோமே, அந்தச் சுற்றுவட்டாரம்தான் அவர்கள் களம்.

தொல்லை தாங்காமல், முற்றுகையில் இருந்த படையிலிருந்தே ஒரு பகுதியைப் பிரித்து லாலி அனுப்ப வேண்டியதாயிற்று. பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் சண்டை. கலியோட் தலைமையில் கம்பெனிப் படை நாள் முழுக்கத் தாக்குப்பிடித்தது. ஆனால் மருந்தும் தோட்டாவும் தீரும் நிலை வந்ததால், ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கியது.

பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்தன. மறுநாள் லாலி கிளம்பிவிட்டார். கோட்டையைக் காப்பாற்றியவை கப்பல்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் கப்பல்கள் வரும்வரை எதிரியைத் தாமதப்படுத்தியதில், பரங்கிமலைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே அலைந்த அந்தச் சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அவர்களை நடத்திய யூசுப் கானை ஆர்க்காட்டு நவாப் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கில் போட்டார்.