ஒலிபரப்புக் கோபுரங்களும் மின்காந்தக் கதிர்வீச்சும்: அறிய வேண்டியவை

புதுடெல்லி:
டெல்லி பீதம்புராவில் 235 மீட்டர் உயரத்திலும், மும்பை வொர்லியில் 300 மீட்டர் உயரத்திலும் தூர்தர்ஷன் கோபுரங்கள் நகர்ப்புறத்தின் நடுவே நிற்கின்றன. அவற்றைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் செல்போன் கோபுரங்கள் வீட்டு மாடிகளிலேயே அமைந்துள்ளன. இவற்றின் அருகே வசிப்போருக்குக் கதிர்வீச்சு குறித்த அச்சம் நீடிக்கிறது.

கதிர்வீச்சின் தன்மை

ரேடியோ அலைகள் எக்ஸ்ரே போன்றவை அல்ல. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. செறிவு மிகும்போது உடல் திசுக்களைச் சூடாக்குவதே அவற்றின் உறுதி செய்யப்பட்ட விளைவாகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் இவ்வலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்ற வாய்ப்பை மறுக்க இயலாத பிரிவில் சேர்த்தது.

உயரமும் தொலைவும்

ஒலிபரப்புக் கோபுரங்கள் செல்போன் கோபுரங்களைவிடப் பன்மடங்கு அதிகத் திறனில், பல கிலோவாட் அளவில் இயங்குபவை. எனினும் ஆண்டெனா மிக உயரத்தில் இருப்பதாலும், அலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாகச் செல்வதாலும் தரைமட்டத்தில் செறிவு குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். எனவே கோபுரத்தின் அடிவாரத்தைவிட, ஆண்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் உள்ள மாடிகளே கூடுதல் கவனத்துக்குரியவை.

வரம்புகள்

மனித உடல் எஃப்.எம். அலைவரிசையை ஒட்டிய அலைகளை அதிகம் உள்வாங்குகிறது. ஆகவே 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்குச் சர்வதேசப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கான வரம்பைச் சதுர மீட்டருக்கு 2 வாட் எனக் கடுமையாக நிர்ணயித்துள்ளது. 900 மெகாஹெர்ட்ஸில் இது 4.5 வாட்.

செல்போன் கோபுரங்களுக்கான வரம்பை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இதன்படி 900 மெகாஹெர்ட்ஸுக்கு 0.45 வாட், 1,800 மெகாஹெர்ட்ஸுக்கு 0.9 வாட் என நிர்ணயிக்கப்பட்டது. மீறும் நிறுவனங்களுக்கான அபராதம் ஒரு நிலையத்துக்கு ரூ.10 லட்சம் வரை என 2013-இல் உயர்த்தப்பட்டது.

மக்கள் என்ன செய்யலாம்?

செல்போன் கோபுரங்களின் விவரங்களை அறிய 'தரங் சஞ்சார்' இணையதளம் 2017 மே மாதம் தொடங்கப்பட்டது. ரூ.4,000 கட்டணத்தில் தமது இருப்பிடத்தில் கதிர்வீச்சை அளக்கக் கோரும் வசதியும் அதில் ஏற்படுத்தப்பட்டது. அதே ஆண்டு, குவாலியரைச் சேர்ந்த புற்றுநோயாளி ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் பணிபுரிந்த வீட்டின் அருகே இருந்த செல்போன் கோபுரத்தின் இயக்கத்தை நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும் கதிர்வீச்சு அதிகம் என்றோ, தெரியவில்லை என்பதால் இல்லை என்றோ கருதலாகாது. வசிக்கும் இடத்தில் எடுக்கப்படும் அளவீடே நம்பத்தக்க விடை தரும்.